அருள்மலர் சொன்ன சாட்சி

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலையில் றப்பர் பூட்ஸோடு நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற அருள்மலருக்கு, நீரிழிவு வந்து சில வருடங்களில் பாதம் எரியத் தொடங்கியது. எரிவென்றால் சும்மா எரிவா? போர்வை பட்டாலே உயிர் போகும். நரம்பு பழுதாகி வருகிற நோ, வலி. புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவள் நடிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் இந்த நோவை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் அவளையும் சேர்த்துக்கொண்டார். வாரக்கணக்காக விழுங்க வேண்டும்: சில கிழமைகள் மருந்துக் குளிசை, சில கிழமைகள் அதே மாதிரியான வெறும் மாவுக் குளிசை. எது எப்போது என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதெல்லாம் சரி. ஆனால் மருந்து மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பழைய மருந்தாம்! எங்கள் சனத்தின் வாயைப் பற்றித் தெரியாதா? 'அருள்மலருக்கு விசராம், பைத்தியமாம்' என்ற கதை யாழ்ப்பாணத்திலிருக்கும் புருசன் ஜெபரட்ணத்தின் காதுக்கு மறுநாளே போய்விடும். அவரை டென்மார்க்குக்குக் கூப்பிட அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம் அது. அவள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

எரிவு தணிந்தது. சபையில் அவளுக்காக உபவாசமிருந்து ஜெபித்திருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர், "சகோதரி, கால் எப்பிடி? எழும்பிச் சாட்சி சொல்லுங்கோ" என்றார். எழும்பினாள். "மருந்தில்லாமலே கர்த்தர் சுகமாக்கினார்" என்றாள். அல்லேலூயாச் சத்தத்தில் மண்டபம் அதிர்ந்தது. கர்த்தர் சுகமாக்கினார் என்று நிறுத்தியிருக்கலாமே! 'மருந்தில்லாமலே' என்று யார் அவளைக் கேட்டது?

அடுத்த கிழமைகளில் கால் மறுபடி தீயாய் எரிந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் விஷயத்தைச் சொன்னார்: சுகமாக இருந்தவை மருந்துக் கிழமைகள். அந்த மருந்தையே தொடர்ந்து எழுதிக் கொடுத்தார்.

விண்ணப்பத்துக்கோ பதிலே இல்லை. தேவசந்நிதியில் பொய் சொன்னதற்குத் தண்டனை என்று அழுதாள். பிறகு டெலிவிசனில் ஓர் அரசாங்க விசாரணையைக் காட்டினார்கள். தமிழருடைய குடும்ப விண்ணப்பங்களை அமைச்சின் மேலிடமே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்ததாம். அப்பாடா, தன் பொய்யால் இல்லை! அன்றைக்கு ரொட்டி சுட்டு, சம்பலோடு வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதியோடுதான் செல்வமலரைப் பார்க்கப் போனாள். அதே சபை, அதே நீரிழிவு, அதே எரிவு. கதவைத் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் கதிரைக்குத் திரும்பி உட்கார்ந்தாள் செல்வமலர்.

"என்னக்கா, ஆஸ்பத்திரியில இந்த நோவைப் பார்க்கிற டாக்டரிட்டப் போகேல்லையே?"

"கூப்பிட்டவர். மாட்டன் எண்டிட்டன். நீர் மருந்தில்லாமத்தானே சுகமானீர்? இருந்த நோக்குளிசையையும் எறிஞ்சுபோட்டன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். "எனக்குத்தான் மாறேல்லை. என்னில ஏதோ பாவம் இருக்கு, அருள்மலர். என்ன பாவமெண்டுதான் தெரியேல்லை. முழங்காலில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

தண்டனை தப்பிப் போகவில்லை. இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.

"அக்கா, நான் குளிசை குடிச்சனான். இப்பவும் குடிக்கிறன். சபையில சொன்னது பொய்."

செல்வமலர் தலையை நிமிர்த்தினாள். "அப்ப, நான் செய்யாத எந்தப் பாவத்துக்கு இவ்வளவு நாளும் மன்னிப்புக் கேட்டனான்?"

அருள்மலர் தரையில் விழுந்து, மன்னிக்கச் சொல்லி அவளுடைய பாதங்களைப் பிடித்தாள்.

"ஐயோ, தொடாதையும்!" என்று செல்வமலர் அலறினாள். "எரியுது!"