கீறல் விழுந்த முகூர்த்தம்

படம் வெளியாகி நாலு வாரம் ஆவதற்குள் அது கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற காலம் இது. சோற்றைப் பிசைந்துகொண்டே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விரலால் ஒரு தள்ளு. எனக்கு இதில் புகார் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு படம் வீட்டுக்குள் வருவதை நினைத்து இரண்டு வேளைச் சோறு இறங்காமல் கிடந்தவன் இந்தத் திருச்செங்கோட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில் 'ஒரிஜினல் டிவிடி' என்பதற்குத் தனி மரியாதை இருந்தது. படம் வந்த மறுநாளே திருட்டுப் பிரதி பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும். அதில் நாயகி அழும்போது யாரோ ஒருவர் முறுக்குப் பொட்டலத்தோடு திரையின் குறுக்கே நடந்து போவார். அவர் உட்காரும்வரை நாயகி பாவம் இருட்டில் அழுவாள். பல மாதம் கழித்து அட்டைப்பெட்டியும் வழவழப்புக் காகிதமுமாக ஒரிஜினல் வரும். கடைக்காரர் அதை நம் கையில் கொடுக்காமல், தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். வானவில் தெரியும். "முகத்துல இருக்கற மருகூடத் தெரியுமுங்க" என்பார். எனக்குப் பயமே அதுதான்.

எங்களுக்கு அப்போது ஒரு ரிக் வண்டி இருந்தது. ஆழ்துளைக் கிணறு போட வண்டி ஆந்திரா பக்கம் போய்விடும். உதிரிபாகம் வாங்கி அனுப்புவதும், ஊரில் சும்மா இருப்பதும் என் வேலை. அப்படிச் சும்மா இருந்த ஒரு நாள், உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒரு கோயில் மண்டபத்தில் சினிமா எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்கினேன். சிரிப்பும் காதலுமான படம். ஒரே முகூர்த்தத்தில் வரிசையாகப் பல ஜோடிகளுக்குத் தாலி கட்டு நடக்கிறது. நாயகன் தன் காதலி எந்தப் பந்தலில் இருக்கிறாள் என்று தெரியாமல் ஒவ்வொரு மணப்பெண்ணாகக் குனிந்து பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். காட்சிக்கு ஒரு மாப்பிள்ளை குறைவு. உதவி இயக்குநர் கூட்டத்தைத் துழாவினார். வேட்டி சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு, வாயைத் திறந்தபடி நான் நின்றிருந்தேன்.

எனக்கு ஜோடியாக வந்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அக்கா. என்னைவிட நிச்சயமாகப் பத்து வயது மூத்தவர். "தம்பி, முடியில மாட்டிடாமக் கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு மணப்பெண் போலத் தலை கவிழ்ந்துகொண்டார். ஜோடிகள் எல்லாருக்கும் முதுகைத்தான் கேமராவுக்குக் காட்டும்படி உத்தரவு. அதாவது மேற்கே பார்த்து உட்கார வேண்டும். எனக்கு அது மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் மேற்கே பார்த்து யாராவது தாலி கட்டுவார்களா? பொய்க் கல்யாணமாகவே இருக்கட்டும், அதற்கும் ஒரு முறை வேண்டாமா? 'ஆக்‌ஷன்' என்றதும் மணையை மெல்ல நகர்த்தி, அக்காவையும் திருப்பிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து கயிற்றைக் கட்டினேன். கேமரா கிழக்கேதான் இருந்தது. உதவி இயக்குநர் திட்ட வந்தார். கேமராமேன் அவரைத் தடுத்து, அந்தப் பையன் முகத்தில் பயம் நன்றாக வருகிறது, இருக்கட்டும் என்றாராம். அப்புறம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எனக்குத் திரும்பத் திரும்பக் கல்யாணம் நடந்தது.

படம் வந்தது, ஓடு ஓடு என்று ஓடியது. சேலத்தில் போய்ப் பார்த்தேன். நான் வந்தேன், போனேன். கண் சிமிட்டியிருந்தால் என்னை நானே தவறவிட்டிருப்பேன். திருட்டுப் பிரதியில் சரியாக என் முகம் வரும் இடத்தில் முறுக்குக்காரர் நடந்துபோனார். அப்போது அவர்மேல் கோபம் வந்தது. அவரைக் கும்பிட வேண்டிய நாள் பின்னால் வந்தது.

எனக்குப் பெண் அமைந்தது. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருக்கும் காட்டு நடுவில் வீடு. குலம் கூட்டம் விசாரித்து, ஜாதகம் பார்த்து, நிச்சயமும் முடிந்தது. பெண்ணை ஒரே தரம்தான் பார்த்திருந்தேன். காபித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் அதைச் சிந்தியதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிய முகம். அதன்பிறகு எனக்கு வேறு பெண் வேண்டியிருக்கவில்லை.

நிச்சயம் முடிந்த பிறகுதான் தரகர் ஒரு சேதி சொன்னார். எனக்கு முன்னால் ஒரு நல்ல வரனைப் பெண்ணின் அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். படித்த பையன், சொத்தும் உண்டு. ஆனால் அவனுக்கு முன்பே ஒரு இடத்தில் பூ வைத்து, அந்தக் கல்யாணம் நின்றுபோயிருந்தது. "ஒருக்காப் பூ வெச்ச கை, வேண்டாமுங்க" என்று சொல்லி எழுந்துவிட்டாராம். பூ வைத்ததற்கே அப்படி என்றால், பட்டப்பகலில், ஆயிரம் தியேட்டரில், மத்தியானம்வரை தாலி கட்டிக்கொண்டிருந்த கைக்கு என்ன பதில்? என் கையையே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைவாசலில் அந்தப் படத்தின் ஒரிஜினல் வந்துவிட்டது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதே வாரம் பெண் வீட்டில் டிவிடி பிளேயர் வாங்கினார்கள். கிழங்கு வெட்டு நடந்ததால் பெண் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கவில்லை என்றும், அதைப் பார்க்கத்தான் பிளேயரே என்றும் தரகர் வழியாகத் தெரிந்தது.

நான் செய்த முதல் புத்திசாலித்தனம், பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருந்த அத்தனை பிரதிகளையும் வாங்கியது. எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா. கடைக்காரர் அசந்துபோனார். மறுநாள் 'ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது, மீண்டும் வந்துவிட்டது' என்று வாசலில் பேனர் கட்டி, முன்பைவிட இரட்டிப்பாக அடுக்கிவிட்டார். பேனரைப் பார்த்துவிட்டு, படமே பிடிக்காதவர்கள்கூட வாங்கிப் போனார்கள். எங்கள் வட்டாரத்தில் அந்தப் படத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவன் நான்தான். வாங்கிய பிரதிகளை ரிக் வண்டி கேபினில் ஒளித்தேன். எங்கள் டிரைவர் அதில் பாதியை எடுத்துக் கண்ணாடி ஓரமாகத் தோரணம் கட்டிக்கொண்டு நெல்லூர் போய்விட்டார்.

அப்புறம் போன் வந்தது. பெண்ணின் அப்பாதான்.

"மாப்ளே, இந்தப் பொட்டிக்கு மூணு வயரு குடுத்துருக்கறானுங்க. செகப்பு, வெள்ள, மஞ்ச. எத எங்க சொருவறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ரிக்கு ஓட்டறவிங்க, உங்களுக்குத் தெரியாததா?"

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது முறையில்லையே என்று இழுத்தேன். அதற்கும் அவர் யோசித்து வைத்திருந்தார்.

"மாப்பிள்ளையா வராதீங்க. மெக்கானிக்கா வாங்க. வாரப்ப அந்தப் புதுப்படம் ஒண்ணு வாங்கியாந்துருங்க. அம்மிணி அதைத்தான் கேக்குது."

நான் கொண்டுபோகாவிட்டால் வேறு யாராவது கொண்டுபோவார்கள். ஆகவே இரண்டாவது புத்திசாலித்தனத்தில் இறங்கினேன். தட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் என்று கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். படம் முடிய எவ்வளவு நேரம் இருக்கும்போது என் கல்யாணம் வருகிறது என்று கணக்குப் போட்டேன். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று நிலத்தைப் பார்த்தே சொல்கிற தொழில்காரன், ஒரு சின்னத் தட்டில் நான் எத்தனையாவது அங்குலத்தில் இருக்கிறேன் என்று கண்டுபிடிக்க மாட்டேனா? ஊக்கை எடுத்து ஒரு கீறு. எங்கள் வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்தேன். நாயகன் மண்டபத்துக்குள் ஓடி வந்தான். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அடுத்த நொடி அவன் வெளியே நின்றான். நான் இல்லை. என் பிறப்பே இல்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மெக்கானிக்காகப் போனேன். ஸ்க்ரூ டிரைவர்கூட எடுத்துப் போயிருந்தேன், மரியாதைக்கு. பெண்ணின் அப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி முறத்தில் தட்டைப்பயறு புடைத்தபடி. பெண் சமையலறைக் கதவோரம், பாதி உள்ளே பாதி வெளியே. வயரை மாட்டினேன், படம் தெரிந்தது. ஆளாளுக்குச் சிரித்தார்கள். பெண் சிரிக்கும்போது கதவு லேசாக ஆடியது. நான் படத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீறலைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை.

நாயகன் மண்டபத்துக்குள் ஓடி வந்தான். படம் சதுரமாக உடைந்தது. அவர்கள் வாங்கிய பிளேயர் வேறு கம்பெனி. அதற்குத் தாண்டிக் குதிக்கத் தெரியவில்லை. உடைந்த சதுரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி, தெளிவாக ஒரு முகமாகி, அப்படியே நின்றுவிட்டது. திரை முழுக்க நான். கையில் மஞ்சள் கயிறு, அதன் முன்னால் அந்த அக்காவின் குனிந்த கழுத்து. தியேட்டரில் கண் சிமிட்டும் நேரம் வந்தவன், இங்கே காலண்டர் மாதிரித் தொங்கினேன்.

ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். அசையவில்லை. பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன். சிவப்பு வயர் கையோடு வந்தது. சத்தம்தான் குறைந்தது. படம் மஞ்சள் வயரில் வருகிறது என்று படம் போடும் முன்னால் அவர்களுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான்.

"வயர உடுங்க" என்றார் பெண்ணின் அப்பா. எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்தில் குனிந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானுங்களே."

"ஆமாங்க."

"கையில என்னங்க அது?"

"கயிறுங்க."

"என்ன கயிறு?"

"மஞ்சக் கயிறுங்க."

முறத்தில் பயறு நின்றுவிட்டது. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி, உறவுக்காரர் கல்யாணத்தில் ஆரம்பித்து, மணை, கேமரா, கிழக்கு, மேற்கு என்று உளறிக்கொட்டினேன். அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை, அதுதான் கலக்கியது. கோபப்பட்டால் சமாதானம் சொல்லலாம். யோசிக்கிறவரிடம் என்ன சொல்வது?

கதவோரத்தில் நின்ற பெண் முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டிவிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த அக்காவின் கழுத்துக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"அப்பா, இங்க பாருங்க. இந்தக்காவுக்கு ஏற்கெனவே தாலி இருக்குதுங்க."

இருந்தது. ரவிக்கைக்குள் செருகியிருந்த சரடு, தலை கவிழ்ந்தபோது நழுவி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம்வரை கட்டிய எனக்கு அது தெரிந்ததில்லை. திருட்டுப் பிரதியாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் மனைவி, அடுத்தவன் பெண்டாட்டிக்குக் கட்டியது இன்னும் மோசமில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"அதில்லீங்கம்மா. ஒரு தாலி இருக்கறப்ப அதும்மேல கட்டறது தாலியாகுமா? வெறுங் கயிறுதானுங்களே" என்றாள் பெண். அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள். "கயிறுதானுங்களேப்பா?"

அவர் ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். நானும் திரைக்குள்ளிருந்து அவரைப் பயத்தோடு பார்த்தேன்.

"அம்மிணி, உன்ற மனசுல ஒண்ணுமில்லையே?"

"இருக்குதுங்க. முடிவு தெரியல. அவன் அந்தப் புள்ளையக் கண்டுபுடிச்சானா இல்லியா? அதச் சொல்லச் சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க மாப்ளே" என்றார். மெக்கானிக் மறுபடி மாப்பிள்ளை ஆனது அந்த இடத்தில்தான். நின்றபடியே மிச்சக் கதையைச் சொன்னேன். முத்தக் காட்சியை மட்டும், மழை வந்தது என்று சொல்லித் தாண்டினேன்.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவு பழக்கப்பட்ட கைக்கு அன்றைக்கு எல்லாம் மறந்துபோனது. முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. பின்னால் பெண் வீட்டார் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. அவள் தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மெதுவாக் கட்டுங்க. இதுக்கு ரெண்டாவது டேக்கு இல்லைங்க."

சிரிப்பு வந்தது, கைக்கு ஞாபகம் வந்தது, முடிச்சு விழுந்தது. வீடியோக்காரர் விளக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளை கொஞ்சம் இப்படிப் பாருங்க என்று கெஞ்சினார். நான் நிமிரவே இல்லை. எங்கள் கல்யாண டிவிடியில் பந்தியில் இருக்கிறேன், செருப்புத் தேடுகிறேன், கொட்டாவிகூட விடுகிறேன். தாலி கட்டும் இடத்தில் மட்டும் என் முகம் இல்லை.