கேட்டு வாங்கிய சிவப்பு

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ரமணிக்கு ஒரு கர்வம் உண்டு. எந்தக் கம்பெனி ஏஜெண்டும் தன் தலையில் மிளகாய் அரைத்துவிட முடியாது என்பதுதான் அது. விருந்தினர் விடுதிக்குப் புதுத் திரைச்சீலை கேட்டு வந்த கடிதத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியவள். ‘அவசியம் விளங்கவில்லை’ என்று அவள் பச்சை மையில் எழுதினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கேன்டீன்காரர்கள் கரண்டி வாங்குவதற்குக் கூட அவள் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கேட்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. ரமணிக்கு அந்தப் பேச்சு உள்ளூரப் பிடிக்கவும் செய்தது.

அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தாறாவது வயதில், 2011 டிசம்பரில், கன்னத்துக்குப் பூசும் சிவப்பின் மேல் ஆசைப்பட்டாள்.

மகள் ஸ்ரேயாதான் அதற்குக் காரணம். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த ஸ்ரேயா, ஒரு சனிக்கிழமை மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரையில் ஒரு பெண் தட்டையான கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நான்கு சதுரங்கள்: ரோஜா நிறம், பீச் பழ நிறம், செங்கல் நிறம், நாவல்பழ நிறம். பிரெஞ்சுக் கம்பெனியின் சரக்கு. அந்தப் பெண் தூரிகையைத் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்ததும் அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ரமணி அதைப் பார்த்தாள். அப்புறம் திரும்பவும் பார்த்தாள்.

விலை மூவாயிரத்து நானூறு ரூபாய். ரமணியின் முகத்துக்கு அதுவரை ஆன செலவெல்லாம் ஒரு பவுடர் டப்பாதான். அதையும் அடியில் தட்டித் தட்டி மூன்று மாதம் ஓட்டுவாள்.

மகளிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டாள். “எனக்கெல்லாம் அது நல்லாவா இருக்கும்?”

“கொனுக்கோ அம்மா, இட்ஸ் யுவர் மனி” என்றாள் ஸ்ரேயா, போனிலிருந்து தலையைத் தூக்காமல். வாங்கிக்கோ என்று பெற்ற மகளே ஊர் பாஷையான தெலுங்கில் அனுமதி கொடுத்த பிறகும் ரமணியால் சும்மா வாங்கிவிட முடியவில்லை. பழக்கதோஷம். அடுத்த இரண்டு வாரத்தில் அதே பெட்டியைப் பற்றி வெவ்வேறு பெண்கள் பேசிய பதினோரு வீடியோக்களைப் பார்த்து முடித்தாள். ஆறு பேர் ஆகா என்றார்கள், நான்கு பேர் அந்த விலைக்குத் தகாது என்றார்கள். ஒருத்தி வீடியோ முழுக்கத் தன் பூனையைப் பற்றியே பேசினாள். பூசினால் எட்டு மணி நேரம் அழியாது என்பது கம்பெனியின் வாக்கு. வாக்கைச் சோதிக்காமல் வாங்குவது ரமணியின் ரத்தத்திலேயே இல்லை.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, காபி வடிகட்டி வாங்கப் போகிறேன் என்று கணவர் வரதராஜனிடம் சொல்லிவிட்டு அவள் பெரிய மால் ஒன்றுக்குப் போனாள். கவுண்டரில் மணிப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஹிந்தியில் இனிமையாகப் பேசி உயரமான நாற்காலியில் உட்காரவைத்தாள். ரமணி தன் நிபந்தனையைச் சொன்னாள். ஒரு கன்னத்தில் மட்டும் போட வேண்டும், மற்றது இருக்கிறபடியே இருக்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். இப்படியும் ஒரு மனுஷியா என்று நினைத்திருப்பாள். ஆனாலும் தூரிகையை எடுத்தாள். ரோஜா நிறம் மாநிறத்தில் எடுபடவில்லை. அதன் மேல் செங்கல், செங்கலின் மேல் நாவல்பழம். கடைசியில் இடது கன்னத்து எலும்பிலிருந்து காதுவரை சிவப்பும் கருநீலமும் கலந்து நின்றது. மாலின் மஞ்சள் வெளிச்சத்தில் அது அற்புதமாகத்தான் இருந்தது. மணி ஒன்று. ஒன்பது மணிக்குப் பார்த்துக்கொள்வோம் என்று ரமணி வெளியே வந்தாள்.

பட்டான்செரு பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். இத்தனை வருடத்தில் அந்த பஸ்ஸில் அவளுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை. கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடாமல் ‘அம்மா’ என்று மரியாதையாக மீதியைக் கையில் வைத்தார். மூவாயிரத்து நானூறு ஒன்றும் அதிகமில்லை என்று ரமணிக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது வரதராஜன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு பேப்பருக்குள் போய்விட்டார். மனுஷன் பேச்சற்றுப் போய்விட்டார் என்று ரமணி எடுத்துக்கொண்டாள். வடிகட்டியை மறந்துவிட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஐந்து மணிக்குக் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டம். அவள் உள்ளே போனதும் பேச்சு சட்டென்று நின்றது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். வழக்கமாக அவளிடம் வம்பு பண்ணும் சங்கச் செயலாளர் ஜகதீசன்கூட, கோலப்போட்டிப் பரிசுக்கு அவள் சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். பக்கத்து பிளாக்கில் இருக்கும் ஆரோக்கியமேரி, திண்டுக்கல்காரி, குடியிருப்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வந்து ஒட்டி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“ரமணிக்கா, கன்னத்துல என்ன?”

ரமணிக்குச் சின்னப் பெண் மாதிரி வெட்கம் வந்துவிட்டது. “ஏன், ரொம்பத் தெரியுதா?”

“தெரியாம எப்படிக்கா இருக்கும். எப்ப நடந்துச்சு?”

“மத்தியானம். ஒரு மணி இருக்கும்.”

“இதுதான் முதல் தடவையா?”

“ஹவ், ஆமாம். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான். நானா கேட்டு வாங்கிக்கிட்டதுதான்.”

ஆரோக்கியமேரியின் கண் கலங்கியது. “அப்படிச் சொல்லாதீங்கக்கா. எந்தப் பொம்பளையும் இதைக் கேட்டு வாங்கிக்கிறதில்ல.”

கடையில் ஓசிக்குப் பூசச் சொல்லிக் கேட்பதற்கு அவளுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று ரமணி நினைத்தாள். “இதுல என்ன இருக்கு. ஒரு பக்கம் போதும்னுகூட நான்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதே மேரி. நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரல.”

ஆரோக்கியமேரி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

அன்று ஒன்பது மணிக்குக் கண்ணாடியில் பார்த்தபோது நிறம் அப்படியே இருந்தது. கம்பெனி சொன்னது உண்மை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆரோக்கியமேரி யாரிடமும் சொல்லவில்லை, தன் புருஷனைத் தவிர. அவருக்குத் தொழிற்சாலையின் ஃபவுண்டரியில், வார்ப்படப் பட்டறையில், வேலை. மறுநாள் காலை கம்பெனி பஸ் மூன்று சுற்று வருவதற்குள் விஷயம் தொழிற்சாலையின் எல்லா ஷாப்புக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் வரதராஜன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். தரப் பரிசோதனையில் முப்பது வருட சர்வீஸ், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கரப்பான் பூச்சியைக் கூட முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுவார். மதியம் கேன்டீனில் அவர் தட்டோடு உட்கார்ந்ததும் அந்த மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்களாம். பிறகு அவருடைய மேலதிகாரியாகவும் இருக்கும் ஜகதீசன் கூப்பிட்டு அனுப்பி, இந்த வயதில் நிதானம் வேண்டும், ஆபீஸ் எரிச்சலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, காலையில் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள் என்று அரை மணி நேரம் பேசினாராம்.

“புரமோஷன் இல்லன்னு சொல்றதுக்குத்தான் சுத்தி வளைக்கிறாரு” என்றார் வரதராஜன். “போகட்டும், நக்கோ. எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.”

ரமணி அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. ஆரோக்கியமேரி கையில் களிம்பு ட்யூபோடு நின்றாள். வரதராஜனைப் பார்க்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“அண்ணா, உங்களை நான் தங்கமான மனுஷன்னு நினைச்சிருந்தேன். இன்னொரு தடவை அக்கா மேல கை பட்டுச்சுன்னா நானே போலீசுக்குப் போவேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

வரதராஜன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ரமணிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பஸ்ஸில் கிடைத்த இடம், கண்டக்டரின் மரியாதை, ஹாலில் விழுந்த அமைதி, கோலப்போட்டித் தொகை. அழகில் மயங்கியவர்கள் என்று அவள் நினைத்தவர்கள் எல்லோரும் அடி வாங்கியவள் என்று பரிதாபப்பட்டவர்கள். தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

ஆனால் அவள் உடனே வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திரைச்சீலையைத் திருப்பி அனுப்பிய ரமணி ரூஜ் பூசிக்கொண்டு ஊர்வலம் போனாள் என்று ஃபாக்டரி முழுக்கத் தெரியப்போகிறது. பெண்டாட்டியை அடித்தவர் என்ற பெயர் இவருக்கு எத்தனை நாள் நிற்கும், ஒரு மாதமா, இரண்டு மாதமா என்று அவள் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற நேரம்தான். அதற்குள் வரதராஜன் அவள் பக்கம் திரும்பி, “நான் தூக்கத்துல ஏதாவது பண்ணிட்டேனா ரமணி?” என்று நிஜமாகவே பயந்து கேட்டார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். மால், நாற்காலி, நான்கு நிறம், ஒற்றைக் கன்னம், எட்டு மணி நேரம்.

ஆரோக்கியமேரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லுவாங்க. கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரியில எத்தனையோ கேட்டுட்டேன். மேக்கப்புன்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. அதுவும் நீங்க. பவுடர் டப்பாவைத் தட்டித் தட்டி ஓட்டுற நீங்க.”

“சத்தியமா மேரி.”

“அண்ணனைக் காப்பாத்துறீங்க. புரியுது.”

களிம்பை மேஜையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடச் சிக்கனம் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லும் என்று ரமணி எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கணவரிடம் கேட்டாள். “நேத்து நீங்க பாத்தீங்கதானே? ஏன் ஒண்ணும் கேக்கல?”

“அலர்ஜின்னு நினைச்சேன்” என்றார் வரதராஜன். “கேட்டா, நான் வாங்கிட்டு வந்த கத்திரிக்காயாலதான்னு சொல்லுவியோன்னு விட்டுட்டேன்.”

செவ்வாய்க்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு மாலுக்குப் போனார்கள். கவுண்டர் பெண் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தாள். தள்ளுபடி உண்டா என்று ரமணி கேட்டது வாய்ப்பழக்கத்தால். இல்லை என்றதும் பேரம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினாள். வாங்கலாமா வேண்டாமா என்று பதினோரு வீடியோ பார்த்தும் தீராத கேள்வி அத்தோடு தீர்ந்தது. பில்லில் சரக்கின் பெயரை முழுசாக அச்சடித்துத் தரச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரி நர்சுகள் ஓய்வெடுக்கும் அறைக்குள் பெட்டியும் பில்லுமாக நுழைந்தாள். ஆரோக்கியமேரியை உட்காரவைத்து, கடைப் பெண் போட்ட அதே வரிசையில், ரோஜா, செங்கல், நாவல்பழம் என்று இடது கன்னத்தில் ஏற்றினாள். உள்ளே வந்த வார்டு ஆயா ஆரோக்கியமேரியைப் பார்த்துப் பதறிப்போய், எவன் அடித்தான் என்று தெலுங்கில் கேட்டாள். அப்போதுதான் ஆரோக்கியமேரி நம்பினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ரமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அண்ணனிடம் எப்படி முகத்தைக் காட்டுவேன் என்று அழவும் செய்தாள். அதற்குள் மற்ற நர்சுகள் பீச் நிறத்தை ஆளுக்கொரு விரல் தொட்டுப் பார்த்திருந்தார்கள். அது எல்லோருக்கும் நன்றாக இருந்தது. ரமணிக்குத்தான் அது பூசியதே தெரியவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த ஸ்ரேயா பெட்டியைத் திறந்து பார்த்து, அம்மாவின் நிறத்துக்கு இதில் ஒன்றுதான் பொருந்தும், அந்த ஒன்று குக்கட்பல்லியில் இருநூறு ரூபாய்க்குத் தனியாகவே கிடைக்கும் என்றாள். வீடியோக்களில் இதை ஒருத்தியும் சொல்லவில்லையே என்றாள் ரமணி. “யாராவது உங்க கலர்ல இருந்தாங்களா, பாத்தீங்களா, சூசாவா?” என்று கேட்டாள் மகள். ரமணி யோசித்தாள். பதினோரு பேரில் ஒருத்தியும் இல்லை. எந்தக் கம்பெனி எந்திரத்துக்கும் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா என்று முதல் கேள்வியாகக் கேட்பவள் அவள். தன் முகத்துக்கு அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

பொங்கல் விழாவுக்குச் செங்கல் நிறத்தை மட்டும் மெல்லிசாக, இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு போனாள். யாரும் நிறுத்திக் கேட்கவில்லை, யாரும் இடமும் விடவில்லை. விஷயம் தெளிந்துவிட்டதால் குடியிருப்பின் பெண்களுக்கு வரதராஜன் மேல்தான் அளவு கடந்த இரக்கம். பரிமாறிய ஒவ்வொருத்தியும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டே போனாள். ஜகதீசனே வந்து நெய் ஊற்றினார். வரதராஜனுக்குச் சர்க்கரை வியாதி. ரமணி எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்து எல்லோரும் பார்க்க இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“விடு ரமணி” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “இப்ப நீ என்னை அடிக்கிறன்னு பேச்சு கிளம்பிடும்.”

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு இரண்டு வாய் விட்டுவிட்டு மிச்சத்தைத் தானே சாப்பிட்டாள். பொங்கலில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே, கடைசி முந்திரிவரைக்கும்.