வெள்ளிக்கிழமை மழை

உப்பளம் பகுதியில் மைதானத்துக்குப் பின்பக்கம் இருக்கும் பாவாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. விரிசல் விட்ட கார்க் கண்ணாடிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார். அதைப் பார்த்தே ஜனங்கள் வண்டியை ஓரங்கட்டுவார்கள். அவரைப் பெற்ற அத்தா, சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் என்று பேதம் பார்க்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தவர். பாவா பதினெட்டு வயதில் பேருந்துக் கண்ணாடிக்கு மாறினார்; பிறகு வேன், பிறகு கார். இப்போது ஐம்பத்திரண்டு வயதாகிறது. ஊரில் ஓடும் கார்களில் பாதிக்கு முன்கண்ணாடி மாற்றியவர் என்று சொல்லிக்கொள்வார். சொந்தமாக வைத்திருப்பது ஒரு ஸ்கூட்டர்.

மழை வந்தால் தானாகவே துடைக்கும் வைப்பர் முதன்முதலில் அவர் கைக்கு வந்தபோது, அவரை நன்றாகவே அவமானப்படுத்தியது. நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். அதன் முகத்தில் கொழகொழவென்று ஒரு ஜெல் வில்லை இருந்தது. ஏதோ அழுக்கு என்று நினைத்து, வேலைச் சுத்தத்தில் தனக்கு நிகர் யாருமில்லை என்ற பெருமிதத்தோடு வழித்து எறிந்துவிட்டு மாட்டினார். அன்று மாலையே அந்தக் கார் பளீரென்ற வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தது. வண்டிக்காரர் திட்டியது அவருக்கு உறைக்கவில்லை. காரணம் தெரியாமல் நின்றதுதான் உறைத்தது. சென்னைக்குப் போய், கண்ணாடி வியாபாரி ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்துகொண்டு வந்தார். அதன் பிறகு அந்த வில்லையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குவார்.

இவ்வளவும் தெரிந்தவரிடம்தான் வினோத்குமார் வந்தார். அரியாங்குப்பத்துக்காரர். நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக அதிகாரி. தேங்காய்த்திட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, முன்னால் போன லாரியிலிருந்து கல் தெறித்து, வாங்கி மூன்று மாதமே ஆன காரின் கண்ணாடியில் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. கல்லூரியில் யாரையும் நம்பாமல் பழகியவர் என்பதால், நாற்காலியைக் கண்ணாடிக்கு நேரே போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை பாவாவுக்குப் பாடம் நடத்தினார்.

"பாய், இது சாதாரண வண்டி இல்ல. உள்ள கேமரா இருக்கு. வானத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். மேகம் கறுத்தாலே வைப்பருக்குச் சொல்லிடும்."

"வானத்தை எல்லாம் பாக்காது சார்" என்றார் பாவா, கையிலிருந்த வேலையை விடாமல். "கண்ணாடிக்குள்ள சாய்வா ஒரு வெளிச்சத்த விடுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கம் காஞ்சி இருந்தா அது மோதித் திரும்பி வந்துடும். தண்ணி ஒட்டிக்கிட்டு இருந்தா, அந்த எடத்துல கொஞ்சம் வெளிய போயிடும். திரும்பி வர்றது கொறஞ்சா மழைன்னு முடிவு பண்ணிக்கும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

இத்தனை பணம் கொடுத்து வாங்கிய காரின் அறிவு இவ்வளவு எளிமையாக இருப்பதை வினோத்குமாரால் ஏற்க முடியவில்லை. "அது பழைய மாடல்" என்று முடித்துவிட்டார்.

பாவா புது வில்லை போட்டார். ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினார். வைப்பர் ஒழுங்காகத் துடைத்தது. தண்ணீர் நின்றதும் நின்றது. வண்டி போய்விட்டது.

அடுத்து வந்தது ஆடி முதல் வெள்ளி. குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, மதிய ஜும்மா தொழுகைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பும் நேரத்தில் போன் வந்தது.

"என்ன வேல பாத்திருக்கீங்க பாய்? காலையில காலேஜுக்குப் பாலத்து மேல வர்றேன், சுள்ளுன்னு வெயிலு. வைப்பர் பாட்டுக்கு ஆடுது. எங்கம்மா ஆசையா வெச்ச சந்தனப் பொட்ட இழுத்துக் கண்ணாடி முழுக்கப் பூசிடுச்சி. எதுர்ல லாரி வர்றதுகூடத் தெரியல."

பாவாவுக்கு முதலில் அந்தப் பழைய வண்டிதான் ஞாபகம் வந்தது. ஜும்மா முடிந்ததும் ஓடினார். பெட்டியைக் கழற்றி, வில்லையை மாற்றி, மறுபடி டார்ச் அடித்து, மறுபடி தண்ணீர் பீய்ச்சினார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாரம் சரியாகவே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்குப் போன் வந்தது.

இந்த முறை வினோத்குமார் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போய்விட்டார். அங்கே குளிர்ந்த அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். டை கட்டிய ஓர் இளைஞர் மடிக்கணினியை வண்டியில் செருகி, நெடுநேரம் கவலையோடு பார்த்தார். வெளியாள் கைபட்ட வண்டிகள் இப்படித்தான் ஆகும் என்று வருத்தப்பட்டார். சாஃப்ட்வேரைப் புதுப்பித்துப் பார்ப்போம், சரியாகவில்லையென்றால் கண்ணாடி, சென்சார் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஆறுதலும் சொன்னார். சாஃப்ட்வேர் புதிதானது. மூன்றாவது வெள்ளியன்று வைப்பர் புதிய சாஃப்ட்வேரின் துணையோடு பொட்டை அழித்தது.

வினோத்குமார் வீட்டில் இதற்கு வேறு விளக்கமும் கிளம்பியிருந்தது. புதுக் கண்ணாடிக்குப் பொட்டு ஆகவில்லை, ராகு காலத்தில் மாட்டியிருப்பார்கள் என்றாராம் பக்கத்து வீட்டுக்காரர். "கண்ணாடி மாத்தினதுலேர்ந்துதான் பாய் இப்பிடி" என்று வினோத்குமார் போனில் அழுத்திச் சொன்னபோது, அந்த 'பாய்' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஒலித்ததாகப் பாவாவுக்குப் பட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் மனைவி நஜீமா தையல் மெஷினில் இருந்து தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த மனுஷன் ஏன் எப்பப் பாத்தாலும் நீங்க தொழுகைக்குக் கெளம்பறப்பவே போன் பண்றாரு? சனிக்கெழம, திங்கக்கெழம அந்த வைப்பருக்கு லீவா?"

பாவா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். மூன்று வாரமாக அந்தச் சென்சாரையே பார்த்துக்கொண்டிருந்தவர், காலண்டரைப் பார்க்கவில்லை.

நான்காவது வெள்ளி காலை ஏழு மணிக்கே அரியாங்குப்பம் போய்விட்டார். வாசலில் கார் கழுவித் துடைத்து நின்றது. வினோத்குமாரின் அம்மா செல்வாம்பாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். எட்டிக் கண்ணாடியின் மேல்பக்கம், நட்டநடுவில், கறுப்புப் பெட்டி தெரிகிற இடத்தில், ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். அதன்மேல் குங்குமம்.

பாவாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைப்பர் பைத்தியம் பிடித்துப் பொட்டை அழிக்கவில்லை. பொட்டுதான் வைப்பரைக் கிளப்புகிறது. ஈரச் சந்தனம் கண்ணாடியில் அப்பிக்கொண்டதும் வெளிச்சம் திரும்பி வராமல் போகிறது. பெட்டி அதை மழை என்று நம்புகிறது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சொல்வதுதான் கஷ்டம். ஆடி வெள்ளியில், காலங்காத்தாலே, ஒரு பாய் வந்து பொட்டு வைக்காதே என்று சொன்னால் தெரு என்ன பேசும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அம்மா, முன்னாடியும் இங்கதான் வெப்பீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல தம்பி, பானட்டு மேல வெப்பேன். கல்லு அடிச்சதுலேர்ந்துதான் இங்க. திருஷ்டி பாரு. காருக்கு இதுதான நெத்தி."

வினோத்குமார் டை முடிச்சைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். பாவா அவரிடம் எதையும் விளக்கவில்லை. "வண்டிய ஆன் பண்ணி வைப்பர ஆட்டோல போடுங்க சார்" என்றார். போட்டதும் வைப்பர் எழுந்து, அப்போதுதான் வைத்த பொட்டைக் கண்ணாடியின் கோடிவரை இழுத்தது. செல்வாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவா துணியால் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தார். வைப்பர் படுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த சொம்பிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை. இடது ஓரத்தில் தடவினார். அசையவில்லை. பெட்டிக்கு நேரே தெளித்தார். வைப்பர் எழுந்து துடைத்தது.

நிர்வாக அதிகாரி வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வாயைத் திறந்தது செல்வாம்பாள்தான்.

"அப்ப இது நெத்தி இல்ல தம்பி, கண்ணு. கண்ணுல சந்தனத்த அப்பினா யாருதான் சும்மா இருப்பா. இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பானட் பக்கம் போய் வேலையை முடித்துவிட்டார். பாவா சொல்லப் பயந்து நின்ற விஷயம் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

வினோத்குமார் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் ஒரு டவுட் இருந்திச்சி பாய்" என்றார். மன்னிப்பு மாதிரி இருந்த வாக்கியம் அது ஒன்றுதான். அந்த வாரமே கல்லூரியில், சர்வீஸ் சென்டரே கைவிட்ட ஒரு பழுதைத் தான் கண்டுபிடித்த விதத்தை இரண்டு துறைத் தலைவர்களுக்கு விளக்கியிருக்கிறார். அதில் பாவா சொம்பு பிடித்துக்கொண்டு நிற்பவராக மட்டும் வந்தாராம்.

செல்வாம்பாள் அப்படிச் செய்யவில்லை. போகிற வருகிற கார்க்காரர்களிடமெல்லாம் உங்கள் வண்டிக்குக் கண் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டு, தெரியாதவர்களை உப்பளத்துக்கு அனுப்பினார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாவாவின் கடை வாசலில் ஏழு கார்கள் நின்றன. ஒன்றுக்கும் கண்ணாடி உடையவில்லை. பொட்டு எங்கே வைக்கலாம் என்று கேட்க வந்தவர்கள். பாவா தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, வெள்ளைச் சாக்பீஸால் ஒவ்வொரு கண்ணாடியிலும் வட்டம் போட்டு, "இதுக்குள்ள மட்டும் வேணாம், மத்தபடி எங்க வேணா தாராளமா வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பணிவோடு, எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்துக்கு என்றும் கேட்டார். பாவா சற்று யோசித்து, நாலுக்கும் வைத்துவிடச் சொன்னார்.