அறிவித்தலில் இல்லாத பெயர்

லண்டன் மனோர் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையில்தான் எங்கள் தொலைக்காட்சியைத் தொடங்கினோம். தொலைக்காட்சி என்று சொல்ல இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இரண்டு கமரா, ஒரு பழைய கணினி, ஒரு பச்சைத் துணி, சம்பளம் வாங்காத பதினொரு பேர். இணையத்தில்தான் ஒளிபரப்பு, செயலியை இறக்கிக்கொண்டால் வீட்டு டிவியிலும் தெரியும். கவுன்சிலுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் ‘யாரும் வரலாம், யாரும் பேசலாம்’ என்று நான்தான் எழுதினேன். எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

யாரும் வரலாம் என்றதால் எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் பேச வந்தார்கள். கமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் ஆளில்லை. முருகன் கோயில் பஜனைக் குழுவுக்கு ஞாயிறு மாலை ஆறு மணி வேண்டும். மாதா கோயில் செபக் குழுவுக்கும் அதே ஆறு மணிதான் வேண்டும். கீழே கடைக்காரர் பெரிய குளிர்பெட்டியைப் போட்டால் மேலே ஒலிவாங்கியில் ஒரு முனகல் கேட்கும். லண்டனின் மறுகோடியில் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் வந்து, அந்த முனகலுக்கு மேலே குரலை உயர்த்தி, நீரிழிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

முடிந்ததும், “எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?” என்று கேட்டார்.

கணினியைப் பார்த்தேன். நாலு பேர். அதில் ஒருவர் கீழே இருந்த கடைக்காரர். “நல்லாப் பாத்திருக்கினம் டாக்டர்” என்றேன்.

“ஆமா, முதல் நாள்தானே. போகப்போகச் சேருவாங்க” என்று அவர் என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

பேச ஆசைப்படாமல் வந்தவள் ஒரே ஒருத்திதான். குட்மேய்ஸில் இருந்தாள், ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள், அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். ஷிப்ட் முடித்து நேரே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கணினிக்கு முன்னால் உட்காருவாள். எந்தக் கமரா எப்போது, திரையில் என்ன எழுத்து, எல்லாம் அவள் கையில். இரண்டு மாதத்தில், அவள் வராவிட்டால் ஒளிபரப்பு இல்லை என்ற நிலைமை வந்துவிட்டது.

எங்களைக் கரைசேர்த்தது மரண அறிவித்தல். எங்கள் ஈழத்துச் சனத்துக்கு அது சும்மா ஒரு செய்தி இல்லை. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்குத் தந்தை, யாருக்கு மாமன், யாருக்குச் சகலன் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அந்த வரிசையில் பெயர் இருந்தால்தான் அந்த வீட்டு ஆள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று லண்டன் முழுக்க ஃபோன் பறக்கும். மாலை ஏழு மணிக்கு இலவசமாக வாசிக்கிறோம் என்று அறிவித்தோம். சமையல் நிகழ்ச்சிக்கு வராத கூட்டம் சாவுக்கு வந்தது.

அது எனக்குக் கசந்தது என்று சொன்னால் பாதி பொய். வாசித்தவன் நான். என் குரல் எடுப்பான குரல் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பிவிட்டேன். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன் ஏழு மணிக்கு வாய் திறந்தால் எத்தனையோ வீடுகளில் பேச்சு நின்றது. ஒரு மருமகளின் பெயரை முன்னுக்கு வாசித்ததா பின்னுக்கு வாசித்ததா என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்த பிறகு, குடும்பத்தார் தருவதைக் கூட்டாமல் குறைக்காமல் வாசிப்பது என்று எல்லோருமாக முடிவெடுத்தோம்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“அண்ணை, இது எங்கட அப்பான்ர.”

அவளுடைய அப்பா ரெய்னர்ஸ் லேனில் அவள் தமையனோடு இருந்தவர். வீட்டார் ஒப்பாத ஒருவரை அவள் கட்டியதிலிருந்து, பதினைந்து வருடமாக அந்த வீட்டு வாசல்படி அவளுக்கு இல்லை. தாளைப் பார்த்தேன். தமையன் மின்னஞ்சலில் அனுப்பியதை அவளே தட்டெழுதியிருந்தாள். ‘பாசமிகு தந்தையும்’ என்ற இடத்தில் தமையனின் பெயர் மட்டும் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

“உம்மட பேர் எங்கை, தங்கச்சி?”

“இதில இருக்கிறதை மட்டும் வாசியுங்கோ அண்ணை. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகப்பன் செத்த அன்றைக்கு, தன் பெயர் இல்லாத அறிவித்தலைத் தன் கையாலேயே தட்டெழுத வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்க ஒரு ஆண்பிள்ளை இல்லையா என்று நினைத்தேன். அந்த ஆண்பிள்ளை நான்தான் என்றும் நினைத்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிறந்த ஊரையும் இருந்த இடத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். தமையனின் பெயரைச் சொன்னேன். பிறகு, தாளில் இல்லாத அவள் பெயரைச் சொன்னேன். ‘ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்று முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். நன்றியில் பொத்துகிறாள் என்று நினைத்து, அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசித்தேன்.

வாசித்து முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். “ஓம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி “ஓம், விளங்குது” என்று சொல்லி வைத்தாள். நான் வெளியே வந்தபோது கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“பேர் போடாமல் இருந்தால், செத்தவீட்டு நாளில விடியக்காலமை சனம் வர முதல் வந்து அப்பான்ர முகத்தைப் பாத்திட்டுப் போகலாம் எண்டு அண்ணா சொன்னவர். அதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவர். நானும் ஓம் எண்டனான்.”

“இப்ப?”

“இப்ப ஏலாதாம்.”

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். நான் அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய மடையனாக அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை.

மறுநாள் தமையனுக்கு நானே ஃபோன் எடுத்தேன். பிழை என்னுடையது, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கெஞ்சினேன். அந்த மனிதர் கத்தவில்லை. களைத்துப்போன குரலில் பேசினார்.

“உங்களுக்கு விளங்காது. நேற்று எட்டு மணிக்குள்ள பதினைஞ்சு பேர் ஃபோன் எடுத்துக் கேட்டிட்டினம். இப்ப அவளை உள்ள விட்டால், நான்தான் பேரைப் போடச் சொன்னனான் எண்டு ஆகும். அப்பா கடைசிவரைக்கும் ஓம் எண்டு சொல்லேல்ல. அவர் சொல்லாததை நான் செய்ய ஏலாது.”

இங்கே செத்தவரின் உடல் வீட்டில் அல்ல, ஈமச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையில் இருக்கும். ஏற்பாட்டைப் பொறுப்பெடுத்தவர் சம்மதிக்காவிட்டால் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அவள் அங்கே போய்க் கேட்டும் பார்த்தாள். மன்னிக்கவேண்டும் என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செத்தவீட்டுக்கு முதல்நாள் அவள் வழக்கம்போல வந்தாள். அன்றைய அறிவித்தல்களைத் தட்டெழுதினாள். போகும்போது கதவடியில் நின்று சொன்னாள்.

“நீங்கள் போவியள்தானே அண்ணை? போய் அப்பாவை ஒருக்கா வடிவாப் பாத்துக்கொண்டு வாங்கோ. எனக்கு வந்து சொல்லுங்கோ.”

“போறன் தங்கச்சி. கட்டாயம் பாத்துக்கொண்டு வாறன்” என்றேன்.

போனேன். மண்டபம் நிறையச் சனம். எல்லோருக்கும் என் குரல் தெரியும், சிலருக்கு முகமும் தெரியும். நான் நுழைந்ததும் ஒரு பக்கம் குசுகுசுப்பு எழுந்து அடங்கியது. பூப்போட வரிசையில் நின்றேன். தலைமாட்டில் தமையன் நின்றார். நெருங்க நெருங்க அவர் என்னைக் கண்டுகொண்டார். பார்த்துக்கொண்டே நின்றார். என் முறை வந்ததும் கை தானாகப் பூவைப் போட்டது. தலை நிமிரவில்லை. பெட்டியின் மரவிளிம்பும், தமையனுடைய கறுப்புச் சப்பாத்தும், அதில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழும்தான் என் கண்ணில் பட்டன. பின்னால் நின்றவர் மெதுவாகத் தள்ள, நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்து மழைக்குள் நின்றபோதுதான் அவளுடைய அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. திரும்பி உள்ளே போக நினைத்தேன். பெட்டியை மூடிவிட்டார்கள் என்று வாசலில் ஒருவர் சொன்னார்.

மூன்று ரயில் மாறி மனோர் பார்க் வந்து சேர்ந்தேன். எனக்கு முதலே வந்து அவள் அந்த அறையில் இருந்தாள். வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கணினியைப் போடவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

“பாத்தனீங்களோ அண்ணை?”

“ஓம்.”

“எப்பிடி இருந்தவர்?”

“நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தவர்.” எல்லாரும் எல்லாச் செத்தவீட்டிலும் சொல்வதுதான். எனக்கே அது வெறுங்கோதாகக் கேட்டது. அவளுக்கு அது போதவில்லை.

“மெலிஞ்சு போனாரோ?”

“கொஞ்சம்.”

“கண்ணாடி போட்டு விட்டவையோ? கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஒண்டும் தெரியாது. கட்டிலில கிடக்கேக்கையும் கழட்டமாட்டார்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது.

“ஓம், போட்டிருந்தது” என்றேன். “கறுப்புச் சட்டம் போட்டது.”

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தகப்பன் செத்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பரவாயில்லை அண்ணை. பெரிய உபகாரம்” என்றாள்.

இப்போதும் அவள் ஷிப்ட் முடிந்து வருகிறாள். மாலை ஏழு மணி அறிவித்தலை வேறொருவர் வாசிக்கிறார். நான் கமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். எப்போதாவது அவள் யாரிடமாவது, எங்கட அப்பாவைக் கண்ணாடியோடதான் அனுப்பினவை என்று சொல்வது காதில் விழும். அவருக்குக் கண்ணாடி போட்டிருந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.