டாக்டரிடம் சொல்லாத நோய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். இன்று எங்கள் வழிபாட்டுத் தலமான பதியில் மதிய வழிபாடான உச்சிப்படிப்பு முடிந்து, அய்யாவை வணங்கிக் கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வாயில் புற்று வந்தது. வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவந்த நோய். திருவனந்தபுரத்தில் தாடைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அதற்கு முன்பே கெட்ட பற்களை எடுத்தார்கள். ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும், வலிக்கவே இல்லை என்று இவர் கெஞ்சி வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: கரண்டு பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, எத்தனை வருடமானாலும் எங்களைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, புகையிலை கூடாது, சர்க்கரை ஏறக் கூடாது.

ஊரில் தொண்டைப் புண் என்றே சொல்லி வைத்தோம். அந்த நோயின் பேரைச் சொன்னால் பெண் கேட்டு யார் வருவார்கள்?

மகளுக்கு நிச்சயம் முடிந்த சமயம் அந்தப் பல் வலித்தது. மாப்பிள்ளையின் அம்மா கேள்விப்பட்டு, பல் டாக்டரான தன் தம்பியிடம் அவரே எங்களைக் கூட்டிப்போனார். சம்பந்தியம்மா தம்பியைப் பார்க்க உள்ளே போனதும் இவர் என் காதில் சொன்னார்.

"ஏட்டி, நீ ஒண்ணும் மிண்டாத, வாயத் தொறக்காத. பிள்ளைக்கக் காரியமாக்கும்."

"பிடுங்கக் கூடாதுன்னாரே டாக்டர்."

"அது எந்தக் காலத்துல சொன்னது. சம்பந்தி வீட்டுப் பப்படத்தைக் கடிக்காண்டாமா நான்?" சிரித்தார்.

பல் டாக்டர் கேட்டார். "இதுக்கு முன்ன வேற வைத்தியம் ஏதாவது பாத்தியளா?"

"சுகருக்கு மாத்திரை. வேற ஒண்ணுமில்ல."

நான் வாய் திறக்கவில்லை.

பிடுங்கின குழி மூடவே இல்லை. கல்யாணத்தன்று அதற்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பதியில் தலைப்பாகை கட்டும் துவர்த்துத் துண்டைத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். பப்படம் இலையிலேயே கிடந்தது. பாயசத்தை மட்டும் குடித்தார். பிறகு ஒரு நாள் பழம் மெல்லும்போது தாடை ஒடிந்தது. அந்த எலும்பை வெட்டி எடுத்தார்கள். குழாய் வழியாகத்தான் கஞ்சி. கடைசியில் ஒரு காய்ச்சலில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அப்பனுக்கும் இதே சூக்கேடுதான் மைனி. நாங்களும் வெளிய சொல்லாமத்தான் கிடந்தோம்."

பல் டாக்டர் கெடுத்துவிட்டார் என்று ஊரில் சிலர் இப்போதும் பேசுகிறார்கள். அவர் கேட்டார்; நாங்கள்தான் சொல்லவில்லை. கரண்டு வைத்துக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், பல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். இவர் பிள்ளைக்காகத் தன்னைக் கொடுத்தார் என்று அழகாக்கிச் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.