மேல வரைக்கும் ரோடு இருக்கு

ஜவ்வாது மலைக்கு நடந்தே ஏறலாம் என்று முதலில் சொன்னது என் நாத்தனார்தான். அவளுடன் படித்த ஒருத்தி மலைமேல் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். அடிவாரத்திலிருந்து காட்டுக்குள் ஒரு பாதை போகிறது, ஊர்க்காரர்கள் ஏறி இறங்குகிற வழிதான், நிதானமாக நடந்தால் மதியத்துக்குள் மேலே வந்துவிடலாம், துணைக்கு ஊர் அக்கா ஒருவரை அனுப்புகிறேன் என்று அந்த டீச்சர் சொல்லியிருந்தாள்.

நாங்கள் இருவரும் விளையாட்டாகக் கிளம்பவில்லை. தறி வேலை முடிந்ததும் சேவூர் ஏரிக்கரையில் தினமும் நடந்து பழகினோம். ஆரணி பஜாரில் ஷூ வாங்கினோம். முதல் வாரம் குதிகாலில் கொப்புளம் வந்தது, பிறகு பழகிவிட்டது. போளூருக்கு எந்த பஸ், அங்கிருந்து அடிவாரத்துக்கு எந்த பஸ், திரும்பும்போது மலைமேலிருந்து எந்த பஸ் என்று விசாரித்து வைத்தோம். எல்லாம் முடிவான பிறகுதான் என் கணவரிடம் சொன்னேன்.

"ரெண்டு பொம்பளைங்க தனியா காட்டுக்குப் போறீங்களா? இன்னா வெளாட்டா?"

"தனியா இல்லைங்க. ஊர்க்கார அக்கா கூட வராங்க."

"அதுவும் பொம்பளதானே? பாதி வழியில காலப் புடிச்சிகினு உக்காந்துடுவே. அப்புறம் யாரு தூக்கிகினு வர்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறிக்குழியில் மிதிகட்டையை அழுத்துகிற கால் இது. அவரோ நெசவை விட்டுவிட்டுச் சேலை வியாபாரத்துக்குப் போனதிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் போகிறவர்.

மறுநாள் அவரே ஒரு திட்டத்தோடு வந்தார். நாங்கள் போக இருந்த அதே நாளுக்கு வேன் பேசிவிட்டாராம். அவருடைய அண்ணன் குடும்பம், கடைக்காரக் கூட்டாளிகள் எல்லாரும் வருகிறார்களாம். "நீங்க ஏன் கஷ்டப்பட்டு நடக்கணும்? மேல வரைக்கும் ரோடு இருக்கு. ஜாலியா போயிட்டு வரலாம்."

"நடக்கறதுக்குத்தாங்க போறதே."

அது அவர் காதில் ஏறவேயில்லை. அதற்குள் யாரிடமோ போனில் ஸ்பீக்கர் பாக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். சமையல் என் தலையில் விழுந்தது. அத்தனை பேருக்கும் விடியுமுன் எழுந்து பிரியாணி கிளறினேன். வெங்காயத்தின் மேல் காட்டிய கோபத்தில் விரலையும் நறுக்கிக்கொண்டேன். ஆனால் புறப்படும்போது செருப்பை விட்டுவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டேன். நாத்தனாரின் காலைப் பார்த்தேன். அவளும் ஷூதான் போட்டிருந்தாள். எங்கள் தண்ணீர் பாட்டில்களும் புளிசாதமும் அவள் மடியில் இருந்தன.

போளூர் தாண்டி அடிவாரக் கிராமம் வந்ததும், "வண்டிய நிறுத்துங்க" என்றேன். ஸ்பீக்கர் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய் அதன் ஒயரைப் பிடுங்கினேன். வேன் நின்றது. சொல்லி வைத்திருந்தபடி ஊர் அக்கா புளியமரத்தடியில் காத்திருந்தார்.

"இன்னா பண்றே நீ? எல்லாரும் பாக்கறாங்க, ஏறு வண்டியில" என்றார் கணவர்.

"அண்ணா, நாங்க நடந்துதான் வரப்போறோம். நீங்க போய்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் இறங்கினாள். பின்னாலேயே நானும் இறங்கினேன்.

முதல் ஏற்றம் முழுக்கத் திட்டிக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்கியது, அப்போதும் திட்டினேன். அக்கா திரும்பிப் பார்த்து, "பேசாம நடம்மா, நெஞ்சு அடைக்கும்" என்றார். பிறகு மூங்கில் புதர்களுக்கு நடுவே பாதை குளிர்ந்தது. ஓடையில் முகம் கழுவினோம். பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். கீழே வயல்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை.

மேலே பள்ளி வாசலில் வேன் நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் என் கணவர் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, நான்தான் தைரியமா அனுப்பி வெச்சேன்."

அடங்கியிருந்த கோபம் அத்தனையும் திரும்பி வந்தது. எல்லார் முன்னாலும் உரக்கச் சொன்னேன்: "இவரு அனுப்பலைங்க. நாங்களா எறங்கி வந்தோம்."

அவர் முகம் சிவந்து வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் டீச்சர் வீட்டில் காபி குடித்துவிட்டு, முன்பே நினைத்திருந்தபடி பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

மூன்றாம் நாள்தான் அவர் வாயைத் திறந்தார். "அடுத்த தடவ போனா நானும் நடந்து வரட்டா?"

"மொதல்ல ஏரிக்கரைய சுத்திட்டு வாங்க, பாக்கலாம்" என்றேன்.

இன்றுவரை அவர் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை.