மேரியின் மாடியிலிருந்து எடுத்த படம்

ஒரு நாளிதழுக்கு உத்திரமேரூர் வட்டாரப் பகுதிநேர நிருபராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். பகுதிநேரம் என்பது பேருக்குத்தான். செய்தியும் நானே, போட்டோவும் நானே, ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுவதும் நானே. எதைப் போடுவது என்று முடிவு செய்யும் ஆபீஸ் டெஸ்க்கோடு எத்தனையோ முறை சண்டை போட்டு மறந்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. கோடி போன அன்று

நான்கு நாளாக விடாத மழை. சனிக்கிழமை காலை மேரி போன் செய்தாள். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். எங்கள் ஊர் ஏரியின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலுக்குக் கீழே, அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஆறு தொகுப்பு வீடுகள் இருக்கின்றன, முதல் வீடு அவளுடையது. ஏரி நிரம்பி கலங்கல் வழியாக வழிவதை எங்கள் பக்கம் கோடி போவது என்போம்.

"ஏரி கோடி போவுதுணா. வாய்க்கா தூர்ந்து கீது, தண்ணியெல்லாம் எங்க வூட்டுப் பக்கம் திரும்பிக்கினு வருது. நீ போட்டோ புடிச்சு பேப்பர்ல போடு. அப்பதான் ஆபீசருங்க எட்டிப் பாப்பாங்க" என்றாள்.

நான் போனபோது தண்ணீர் அவள் வாசற்படியைத் தாண்டியிருந்தது. மேலே நின்றால் எல்லாம் தெரியும் என்று ஏணியை அவளே பிடித்துக்கொண்டு என்னை மாடிக்கு ஏற்றினாள். கீழே பார்த்தால் ஆறு வீட்டுக்குள்ளும் தண்ணீர். பள்ளத்தில் இருந்த கடைசி வீட்டு வாசலில் ஒருத்தர் கேஸ் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அதை எடுத்தேன். அப்படியே திரும்பினால் கலங்கல். அதன் நீளம் முழுக்க வெள்ளை நுரை, மேகம் விலகி வெயில் வேறு விழுந்தது. மஞ்சளும் குங்குமமும் பூவும் தண்ணீரில் விட்டு ஊர்ப் பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதையும் எடுத்தேன். இரண்டையும் டெஸ்க்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

2. உலகக் காட்சிகள்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் தேடினேன், ஒன்றும் இல்லை. "உலகக் காட்சிகள்" பக்கத்தில் கலங்கல் படம் வந்திருந்தது. ஒரு பக்கம் ஏதோ தீவில் எரிமலை, இன்னொரு பக்கம் பனியில் உறைந்த ஏரி, நடுவில் எங்கள் ஏரி. "கண்கொள்ளாக் காட்சி" என்று தலைப்பு, கீழே எங்கள் ஊர்ப் பெயர். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு வெளிநாட்டு ஊர் வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர், வாசலில் நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மா. அதற்குத் தலைப்பு "துயரம்". அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் துயரம், எங்கள் ஊரில் வந்தால் காட்சி!

டெஸ்க்குக்கு போன் போட்டுக் கத்தினேன். உதவி ஆசிரியர் பொறுமையாகவே பேசினார். "சார், தண்ணில நிக்கிற ஜனங்க படம் எல்லா ஊர்லேர்ந்தும் வருது. உங்க ஏரி அருவி மாதிரி இருக்கு. ஆன்லைன்ல இன்னிக்கு அதுதான் டாப்." பாராட்டுகிறாராம்.

3. கரை ரோடு

பத்து மணிக்குள் கார்கள் வந்துவிட்டன. காஞ்சிபுரத்திலிருந்து, செங்கல்பட்டிலிருந்து, சென்னையிலிருந்துகூட. ஏரிக்கரை ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான். அதில் வரிசையாக நிறுத்திவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு செல்பி எடுக்கப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் டிராக்டர் வந்தது. தூர்ந்த வாய்க்காலின் கரை உடைந்த இடத்தில் மூட்டை அடுக்கினால் தண்ணீர் வீடுகளுக்குள் வருவது நின்றுவிடும். கலங்கலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே டிராக்டர் சிக்கிக்கொண்டது. முன்னால் இருபது கார், பின்னால் பத்து கார். நான் ஒவ்வொரு காராகத் தட்டினேன், முக்கால்வாசிக் காரில் ஆளே இல்லை. ஆள் இருந்த ஒரு காரில் கண்ணாடியை இறக்கிய மனிதர் என் கழுத்தில் தொங்கிய பிரஸ் கார்டைப் பார்த்தார்.

"நீங்கதானா சார் அந்த போட்டோ எடுத்தது? அதப் பாத்துட்டுதான் கிளம்பி வந்தோம். சூப்பர் சார்."

என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் ஆம்பளைகள் மூட்டைகளைத் தலையில் சுமந்தார்கள், நானும் சுமந்தேன். அரை கிலோமீட்டர் சேற்றில் எத்தனை நடை போக முடியும்? பாதி உடைப்புதான் அடைபட்டது. மூன்று மணிக்கு மேரி வீட்டுப் பின்சுவர் ஊறி விழுந்தது, கூடவே மேல்தளமும் சரிந்தது. எல்லோரும் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

மேரி அழவில்லை. டிராக்டர் டிரைவர் தன் போனில் அந்தக் கலங்கல் படத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறார். நேராக என்னிடம் வந்தாள்.

"என் மாடில நின்னுக்கினுதான எடுத்த? என் வூடு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

தண்ணீர் புகுந்த உங்கள் வீடுகளையும் எடுத்து அனுப்பினேன், அவர்கள்தான் போடவில்லை என்று சொன்னேன்.

"சரி. ரெண்டுல எத மொதல்ல அனுப்பின?"

கலங்கலைத்தான் முதலில் அனுப்பியிருந்தேன். அது நல்ல படம் என்று எனக்கே பெருமை. அவள் பதிலுக்கு நிற்காமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.

4. அப்புறம்

சாயங்காலம் டெஸ்க்கிலிருந்தே போன். இடிந்த வீட்டுப் படம் வேண்டுமாம், அந்த வீட்டுக்கார அம்மா அழுகிற மாதிரி இருந்தால் நல்லதாம். நான் ஒரே ஒரு படம் அனுப்பினேன். கார் வரிசை, நடுவில் மணல் மூட்டையோடு நிற்கும் டிராக்டர். வேறு இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தப் படத்தை அவர்கள் போடவேயில்லை.

டெஸ்க் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அவர்கள் என்னிடமிருந்துதான் பொறுக்கினார்கள், பொறுக்கக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தவரை, ஒரு சம்பவத்துக்கு ஒரே படம்தான் அனுப்பினேன். அந்த ஒன்று எது என்று முடிவு செய்ய எடுத்துக்கொள்கிற ஐந்து நிமிடம்தான் நிருபர் வேலை. அந்தச் சனிக்கிழமை நான் அந்த வேலையைச் செய்யவில்லை, மேரியின் வீடு போய்விட்டது.